ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், இரண்டு கல்யாணம்

கேள்வி: ஐயா, ஈரோடு பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் ஒருவன்தான் புரோகிராமர். சுற்று வட்டாரத்தில் 14 கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு செய்யும் வலைச்செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். 2017இல் வேறொருவர் பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் கொண்டு எழுதியது. அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். போன ஆவணியில் ஒரே மண்டபத்தை ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது செயலி. திட்டு எனக்கு விழுந்தது. அந்த இரண்டு பதிவுகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இதுபோக, அதிகாலையில் போடும் ரசீதில் முந்தைய நாள் தேதி விழுகிறது. தமிழில் பதிந்த சில பெயர்கள் தேடினால் கிடைப்பதில்லை. ஆதார் நகல்கள் அப்லோட்ஸ் கோப்புறையில் சேர்ந்து இடத்தை அடைக்கின்றன. எதைத் தொட்டால் எது உடையுமோ என்ற பயத்தில் இரவு 11 மணிக்கு மேல்தான் கோப்புகளை சர்வரில் ஏற்றுகிறேன். சென்னையில் இருக்கும் நண்பர்கள், “தூக்கிப் போட்டுவிட்டு ரியாக்ட், நோட் என்று ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் புதிதாக எழுது” என்கிறார்கள். எழுதட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வேண்டாம், தம்பி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்பு இன்று இரவே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, இடம் அடைக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்.

அந்த ஆதார் நகல்கள். உங்கள் செயலியில் உள்நுழையாமல், வேறொரு பிரவுசரில், அப்லோட்ஸ் கோப்புறையின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். கோப்புகள் வரிசையாகப் பட்டியல் விரிந்தால் நிலைமை மோசம். பட்டியல் வராவிட்டாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். 2017இல் எழுதப்பட்ட இத்தகைய செயலிகளில் கோப்பின் பெயர் பெரும்பாலும் பதிவு எண்ணாகவே இருக்கும். 3817 என்ற படம் திறக்கிறது என்றால் 3816ஐயும் 3818ஐயும் திறந்து பார்க்க யாருக்கும் பெரிய படிப்பு தேவையில்லை. அந்தக் கோப்புறையை வலைத்தளக் கோப்புறைக்கு வெளியே நகர்த்துங்கள். உள்நுழைந்தவர் யார், இந்தப் பதிவைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்று சரிபார்த்த பிறகே படத்தை எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு நிரலை நடுவில் வையுங்கள். இதனால் இன்னொரு ஆபத்தும் தீரும்: படம் என்ற பேரில் ஒருவன் பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டு, அதையே முகவரியில் அழைத்து உங்கள் சர்வரில் ஓட்டுகிற வித்தை நடக்காது.

ரசீதுப் பக்கத்தையும் அப்படியே சோதித்துவிடுங்கள். முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்த குடும்பத்தின் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் தெரிகின்றனவா?

கல்யாணம் முடிந்த பிறகு அந்த நகல் எதற்கு? முதலாளியிடம் கேளுங்கள். “வச்சிருந்தா நல்லதுதானே” என்பார். நல்லதில்லை. தேவை முடிந்த தகவலை அழித்துவிட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. இனி வாங்குவதானால், முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் ஆதாரை வாங்குங்கள். ஆதார் ஆணையமே அப்படி ஒரு வடிவத்தைத் தரவிறக்கக் கொடுக்கிறது.

சரி, ஆவணிக் கல்யாணத்துக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பதிவுகளைப் பார்த்தேன். எண்கள் 3817, 3818. மண்டபம் ஒன்று, தேதி ஒன்று. பதிவான நேரம் இரண்டிலும் காலை 10 மணி 42 நிமிடம் 7 விநாடி. இதைப் பார்த்ததுமே கதை புரிந்துவிட்டது. உங்கள் நிரல் முதலில் “இந்தத் தேதி காலியா?” என்று தரவுத்தளத்தைக் கேட்கிறது. “காலி” என்று பதில் வந்தால் பதிவைச் சேர்க்கிறது. கேட்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நேரத்துக்குள் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டால் அவருக்கும் “காலி” என்றுதான் பதில் வரும். இரண்டு பேருமே உண்மையைத்தான் கேட்டறிந்தார்கள், இரண்டு பேருமே பதிந்துவிட்டார்கள். சாதாரண வாரங்களில் ஒரே விநாடியில் ஒரே மண்டபத்தை இருவர் கேட்க வாய்ப்பே இல்லை. நல்ல முகூர்த்த நாள் என்றால் ஊரே அந்த ஒரு தேதியைத்தான் கேட்கும். அதனால்தான் ஏழெட்டு ஆண்டுகள் மறைந்திருந்த பிழை முகூர்த்த நாளாகப் பார்த்து வெளியே வந்தது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். செயலியின் நகல் ஒன்றை உங்கள் மடிக்கணினியில் ஓடவிடுங்கள். கேட்கும் வரிக்கும் சேர்க்கும் வரிக்கும் நடுவே 5 விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வெவ்வேறு பிரவுசர்களைத் திறந்து, ஒரே தேதிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டிலும் “வாழ்த்துகள், உங்கள் மண்டபம் உறுதி” என்று வரும். எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும் பிழையை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திருத்திய பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்தால் தீர்ந்ததா இல்லையா என்றும் தெரிந்துவிடும்.

மருந்து, “ஒரே இடத்துக்கு இருவர் கூடாது” என்ற விதியை பிஎச்பி நிரலிலிருந்து எடுத்துத் தரவுத்தளத்தின் கையில் கொடுப்பது. மண்டப எண், தேதி, வேளை மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று ஒரு யுனிக் இண்டெக்ஸ் போடுங்கள். அதன்பின் எத்தனை பேர் ஒரே விநாடியில் முட்டினாலும் ஒருவர்தான் உள்ளே போவார். மற்றவர்களுக்கு மைஎஸ்க்யூஎல் 1062 என்ற பிழை எண்ணைத் திருப்பும். அதைப் பிடித்து, “மன்னிக்கவும், சற்று முன்தான் வேறொருவர் பதிந்துவிட்டார்” என்று மரியாதையாகச் சொல்ல வேண்டியது உங்கள் நிரலின் வேலை. ஒருமுறை அழுத்தியதும் பொத்தானை மங்கச் செய்வது, இடம் இருக்கிறதா என்று முதலிலேயே காட்டுவது எல்லாம் உபசாரம். செய்யுங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள்.

இங்கே கல்யாண மண்டபத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். ஒரு பதிவு இரண்டு தேதிகளைத் தொடுகிறது. காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் அரை நாள் போதும். இதை வெறும் தேதியாக வைத்துக்கொண்டால், முகூர்த்த நாள் வேறு வேறாக இருந்தும் மாலையில் இரண்டு வீட்டார் மோதிக்கொள்வார்கள். ஆகவே பதிவு அட்டவணையைத் தொடாமல், பக்கத்தில் வேளைகளுக்கென்று சின்னதாக ஓர் அட்டவணை போடுங்கள். அதில் ஒரு வரிசை என்றால் ஒரு மண்டபத்தின் ஒரு நாளின் ஒரு வேளை. கல்யாணம் இரண்டு வரிசைகளை எடுத்துக்கொள்ளும், காதுகுத்து ஒன்றை. யுனிக் இண்டெக்ஸ் இந்தச் சின்ன அட்டவணையில்தான். யாராவது பதிவை ரத்து செய்தால் இந்த வரிசைகளை மட்டும் நீக்குங்கள். மூலப் பதிவு “ரத்து” என்ற குறிப்போடு கணக்குக்காக அங்கேயே இருக்கட்டும்.

இரண்டு வரிசைகளையும் பதிவையும் ஒரே பரிவர்த்தனைக்குள் சேர்க்க வேண்டும். மாலை கிடைத்துக் காலை கிடைக்காவிட்டால் எல்லாமே திரும்பிப் போய்விட வேண்டும். அதற்கு முன் அட்டவணைகள் எந்த வகை என்று பாருங்கள். இன்னோடிபியாக இருந்தால் சரி. பழைய மைஐசாம் என்றால், திரும்பப் பெறு என்று நீங்கள் சொல்வதைப் பிழை எதுவும் காட்டாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் எதையும் திரும்பப் பெறாது. மைஎஸ்க்யூஎல் 5.5இலிருந்து இன்னோடிபிதான் இயல்பு வகை என்றாலும், எங்கிருந்தோ பிரதியெடுத்த அட்டவணைக் கட்டளையில் மைஐசாம் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இனி, எழுத வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், இப்போது பார்த்த பிழையில் பிஎச்பியின் பங்கு எதுவும் இல்லை. “காலியா என்று கேள், பிறகு சேர்” என்பதை நோடில் எழுதினாலும் அதே ஆவணியில் அதே இரண்டு குடும்பங்கள் அதே வாசலில் நின்றிருக்கும். நண்பர்கள் சொன்னபடி புதிதாக எழுதினால் தனி ஆளாக உங்களுக்கு ஓர் ஆண்டாவது பிடிக்கும். அந்த ஓர் ஆண்டும் பழைய செயலி ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதன் பிழைகளையும் நீங்கள்தான் பார்ப்பீர்கள். நெட்ஸ்கேப்பின் கதை உங்கள் வயதுக்காரர்கள் அறியாதது. 1990களின் நடுவில் இணையம் என்றாலே அந்த பிரவுசர்தான். 1998இல் பழைய நிரலை ஓரங்கட்டிவிட்டு அடியிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 4ஆம் பதிப்பு 1997இல் வந்தது. அடுத்து வந்த 6ஆம் பதிப்பு 2000 நவம்பரில். 5ஆம் பதிப்பு வரவே இல்லை. அந்த இடைவெளியில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்புளோரர் சந்தையை எடுத்துக்கொண்டது. நெட்ஸ்கேப்காரர்களிடம் பெரிய படையே இருந்தது. நீங்கள் ஒருவர்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பழைய நிரலைத் திட்டிக்கொண்டே படிக்கும்போது “மண்டப எண் 7 என்றால்” என்று தொடங்கும் அசிங்கமான வரி ஒன்று எங்காவது கண்ணில் படும். அந்த ஏழாம் மண்டபத்துக்காரர் ஆடி மாதம் வாடகையைக் குறைக்கிறவராக இருக்கலாம், கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் மண்டபத்தை ஊருக்கு விட்டுவிடுகிறவராக இருக்கலாம். யாரும் எழுதி வைக்காத அந்த ஏற்பாடு அந்த ஒரு வரியில் மட்டும்தான் இருக்கிறது. புதிதாக எழுதும்போது முதலில் காணாமல் போவது இப்படிப்பட்ட வரிகள்தான். அவற்றைக் காணும்போதெல்லாம் முதலாளியிடம் காரணம் கேட்டு, மேலே இரண்டு வரி குறிப்பு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர் உங்களைத் திட்டாமல் இருப்பார்.

அதிகாலை ரசீது விஷயம் எளிது. உங்கள் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். காலை 5 மணிக்கு ஒருவர் பணம் கட்டினால் சர்வருக்கு அது முந்தைய இரவு 11:30. நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் போட்ட ரசீதுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரு நாள் குறைந்திருக்கும். பதிவான நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே சேமியுங்கள், காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

ஆனால் முகூர்த்தத் தேதிக்கு இந்த விதி பொருந்தாது. அது நேரமே அல்ல, நாள்காட்டியில் ஒரு கட்டம். அதை எந்த மண்டலத்துக்கும் மாற்றவே கூடாது. உங்கள் நாள்காட்டிப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். பயனர் 4ஆம் தேதியைத் தொடுகிறார். நிரல் அதை நம் ஊர் நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்பும்போது ஐஎஸ்ஓ என்ற பொதுத் தேதி வடிவத்துக்கு மாற்றும் கட்டளை அதை உலகப் பொது நேரமாக்குகிறது, அதாவது 3ஆம் தேதி மாலை 6:30. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் 3. இந்தியாவில் எழுதப்படும் செயலிகளில் இந்தப் பிழையைப் பார்க்காத ஆண்டே எனக்கு இல்லை. திசை மாறியும் கடிக்கும்: சர்வரிலிருந்து வெறும் தேதியாக வந்த 4ஐ ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், நியூ ஜெர்சியில் இருக்கும் பெண்ணின் அண்ணனுக்கு அது 3 என்று தெரியும். அவர் ஒரு நாள் முன்னதாக விமான டிக்கெட் எடுத்தால் பரவாயில்லை, எப்படியும் கல்யாணத்துக்கு வந்துவிடுவார். மண்டபத்தை ஒரு நாள் முன்னதாகப் பதிந்தால்தான் வம்பு. தேதியைத் தேதியாகவே, ஆண்டு, மாதம், நாள் என்று எழுத்தாகவே கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள்.

தமிழ்ப் பெயர்களின் கதை எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் “கோ” என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. ஏகாரத்தின் இரட்டைச் சுழியை இட்டுப் பின்னால் துணைக்காலைத் தனியாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கணினிக்கு இவை வேறு வேறு எண்களின் வரிசை. ஒரு விசைப்பலகையில் தட்டிய “கோபால்” மற்றொன்றில் தட்டிய “கோபால்” உடன் பொருந்தாமல் போவது இதனால்தான். கிடைக்காத பெயர்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள், கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள்தான் அதில் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வடிவங்களும் சமம் என்று யூனிகோடே வகுத்திருக்கிறது. என்எஃப்சி என்ற நெறிப்படுத்தல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பிஎச்பியின் இன்டில் நீட்சியில் நார்மலைசர் என்ற வகுப்பு அதைச் செய்யும். உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும், தேடல் பெட்டியில் தட்டுவதையும் அதன் வழியாக அனுப்புங்கள். பழைய பதிவுகளை ஒருமுறை ஓட்டித் திருத்திவிடுங்கள்.

ஸ்ரீ மட்டும் அடங்காது. ஸகரத்தில் தொடங்கி எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் இவை சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை, ஆகவே என்எஃப்சி இதைத் தொடாது. தேடலுக்காக ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வரியை நீங்களே எழுத வேண்டும். ஸ்ரீதரும் ஸ்ரீதேவியும் இல்லாத கல்யாணப் பதிவேடு ஏது?

நீளமும் ஏமாற்றும். “கிருஷ்ணமூர்த்தி” நமக்கு 8 எழுத்து. யூனிகோடுக்கு 15 குறிகள். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 45 பைட்டுகள். ரசீதில் இடம் இல்லை என்று பெயரைப் பைட்டு கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வரும். குறிக் கணக்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து “மூர்” என்பது “மூர” ஆகும். இன்டில் நீட்சியில் எழுத்துக் கணக்கில் வெட்டும் செயல்கூறும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள் என்றால் இதையும் கவனியுங்கள்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70தான். ஒன்று என்று நினைத்து எழுதிய வாழ்த்து மூன்று செய்தியாகப் போய், மாதக் கடைசியில் பில் வந்து நிற்கும்.

அட்டவணையின் எழுத்து வகை வெறும் “யூடிஎஃப்8” என்று இருந்தால் அதை “யூடிஎஃப்8எம்பி4” ஆக்குங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய வகை ஒரு குறிக்கு 3 பைட்டு வரைதான் தாங்கும். தமிழுக்கு 3 போதும் என்பதால் நமக்குக் குறை தெரிவதில்லை. ஒரு பாட்டி குறிப்புப் பெட்டியில் கைகூப்பும் எமோஜியைப் போடும் நாளில்தான் தெரியும். அதற்கு 4 பைட்டு வேண்டும். கண்டிப்பான முறையில் ஓடும் தரவுத்தளம் அதைப் பிழை என்று தள்ளும், தளர்வான முறையில் ஓடுவது எமோஜியிலிருந்து பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டுச் சேமிக்கும்.

பெயர் என்ற பேச்சு வந்ததால்: கோவையிலிருந்து ஒரு டிசூசா குடும்பம் மண்டபம் கேட்டால் பதிவாகிறதா? அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வருவது வழக்கம். அதைத் தட்டியதும் தரவுத்தளப் பிழை வந்தால், பயனர் தட்டுவதை உங்கள் நிரல் அப்படியே கட்டளைக்குள் ஒட்டுகிறது என்று பொருள். டிசூசா தெரியாமல் உடைத்ததை இன்னொருவன் தெரிந்தே உடைப்பான். மதிப்புகளைத் தனியாகக் கொடுக்கும் முன்தயாரித்த கட்டளைகளுக்கு ஒவ்வொரு பக்கமாக மாறுங்கள். உள்நுழையும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி அந்த இரவு 11 மணிப் பயம். அது வெட்கப்பட வேண்டிய பயம் இல்லை. 2009இல், ஒரு வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்தப் போய், யாருடையது என்ற நிபந்தனையை எழுத மறந்து எண்டர் தட்டினேன். மொத்த வாடிக்கையாளர்களும் ஒரே நொடியில் மதுரையில் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள். பேக்கப் இருக்கிறதே என்று திறந்தேன். தினமும் இரவு 2 மணிக்கு ஒரு கோப்பு, தேதி போட்டு, அழகாக. அளவைப் பார்த்தால் கடைசி மூன்று வாரமும் 0 பைட்டு. டிஸ்க் நிரம்பியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. அந்த “யாரும்” நான்தான்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளம் என்று நினைத்து மூலத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்தார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்களைத் தேடினார்கள். அன்றாடம் ஓட வேண்டிய பேக்கப், பதிப்புப் பொருத்தமின்மையால் ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சோதனை சர்வருக்காகத் தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி, மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆகவே, மாதம் ஒருநாள் பேக்கப்பிலிருந்து முழுச் செயலியையும் உங்கள் மடிக்கணினியில் எழுப்பிப் பாருங்கள். நேற்றைய கடைசிப் பதிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்து வையுங்கள், முதலாளி ஒருநாள் கேட்பார். பேக்கப் அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனிப் படியாகச் சேமித்துவைக்கும் கிட் என்ற கருவியில் நிரலை இன்றே போடுங்கள். எதையும் சுத்தம் செய்யாமல், இருப்பதை இருக்கிறபடியே முதல் பதிவாக. தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கோப்பை மட்டும் வெளியே வைத்துவிடுங்கள். சர்வரில் “புக்கிங் பழையது”, “புக்கிங் கடைசி”, “புக்கிங் உண்மையான கடைசி” என்று ஒரு பரம்பரையே இருக்கும், அது தெரிந்ததுதான். கிட்டில் சேர்ந்த பிறகு அவற்றை அழித்துவிடுங்கள். பெயரின் கடைசியில் “பேக்” என்று முடியும் அமைப்புக் கோப்பு இருந்தால் அதை முதலில் அழியுங்கள். பிஎச்பி என்று முடியாத கோப்பைச் சர்வர் ஓட்டாது, கேட்டவருக்கு எழுத்தாகவே கொடுத்துவிடும், கடவுச்சொல்லோடு சேர்த்து.

ஏற்றுவதை இரவு 11இலிருந்து காலை 10க்கு மாற்றுங்கள். இரவில் ஏற்றினால் பிழையைக் காலையில் மண்டப மேலாளர்கள் கண்டுபிடிப்பார்கள், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பீர்கள். செவ்வாய் காலை ஒரே ஒரு சின்ன மாற்றத்தை ஏற்றிவிட்டு உட்கார்ந்து கவனித்தால், உடைந்தது எதனால் என்று தேட வேண்டியதில்லை, கிட்டில் ஒரு படி பின்னால் போனால் போதும். வெள்ளி மாலையும் முகூர்த்த வாரமும் வேண்டாம். பஞ்சாங்கம் பார்த்து நிரல் ஏற்றுகிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள், இருந்துவிட்டுப் போங்கள்.

பிஎச்பியின் பதிப்பு எது என்று நீங்கள் எழுதவில்லை. 2017இல் எழுதியது என்றால் 5.6 ஆக இருக்கலாம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன. 7.4க்கும் 2022 நவம்பரோடு முடிந்தது. நகலில் முதலில் 7.4க்கு, பிறகு 8க்கு என்று ஏறுங்கள். 7க்கு ஏறும்போது பழைய மைஎஸ்க்யூஎல் செயல்கூறுகள் அறவே இல்லாமல் போகும், சத்தமாக உடையும், கண்டுபிடிப்பது சுலபம். 8 சத்தமில்லாமல் உடைக்கும்: எண் 0ஐயும் எண்ணாக இல்லாத எழுத்துச் சரத்தையும் ஒப்பிட்டால் முன்பு சமம் என்று சொன்னது இப்போது சமமில்லை என்று சொல்லும். இரட்டைச் சமக்குறி வருமிடங்களை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முன்பணம் யூபிஐயில் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு சொல். பணம் வந்ததற்குச் சாட்சி, பயனரின் பிரவுசர் உங்கள் பக்கத்துக்குத் திரும்பி வருவது இல்லை. அவர் கைபேசியில் சார்ஜ் போய்விடலாம். பணப் பரிமாற்ற நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேராக அனுப்பும் செய்திதான் சாட்சி, அதுவும் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகு. அதே செய்தி இரண்டு முறையும் வரும். பரிமாற்ற எண்ணுக்கும் ஒரு யுனிக் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள், மண்டபத்துக்குப் போட்ட அதே மருந்துதான்.

முதலாளியிடம் இதில் எதையும் இந்தச் சொற்களில் சொல்ல வேண்டாம். “இனி ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுக்கவே முடியாதபடி பூட்டு போடுகிறேன், இரண்டு வாரம் புது வேலை எதுவும் கேட்காதீர்கள், அதன்பின் மாதம் இரண்டு நாள் பராமரிப்புக்கு விடுங்கள்” என்று சொல்லுங்கள். ஆவணியில் இரண்டு வீட்டாரிடமும் பேச்சு வாங்கியவர் அவர், ஒப்புக்கொள்வார்.

கடைசியாக ஒன்று. யுனிக் இண்டெக்ஸைப் போடப் போகும்போது அதே 1062 பிழை உங்களுக்கே வரலாம். ஏற்கெனவே இரட்டையாக இருப்பவை அட்டவணையில் உட்கார்ந்திருந்தால் இண்டெக்ஸ் உருவாகாது. அதனால் முதலில் மண்டபம், தேதி, வேளை என்று தொகுத்து, ஒன்றுக்கு மேல் வருபவற்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். கடந்த தேதிகளை விடுங்கள். இனி வரப்போகிற தேதிகளில் ஒன்றாவது அந்தப் பட்டியலில் இருந்தால், நிரலை மூடிவிட்டு உடனே அந்த மண்டப மேலாளருக்கு போன் போடுங்கள். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பு அந்த வீட்டாருக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும்.